பேரப்பிள்ளைகளோடு விமானம் பார்க்கப் போவது: குமரியிலிருந்து சங்குமுகம் வரை

குமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. ஆனாலும் விமான நிலைய வாசலைப் பார்த்த பிள்ளைகள் இங்கே நிறைய. அப்பாவுக்கோ மாமாவுக்கோ வளைகுடாவில் வேலை. கொண்டுவிடவும் கூட்டிவரவும் வேன் பிடித்துத் திருவனந்தபுரம் போகிற வீடுகள் குளச்சலிலிருந்து களியக்காவிளை வரை ஏராளம். அதனாலேயே பல பிள்ளைகளுக்கு அந்த இடம் என்றால் அழுகை, அவசரம், பாதித் தூக்கம், பெட்டி எடை. விமானத்தை அவர்கள் நின்று பார்த்ததே இல்லை. யாரும் போகாத, யாரும் வராத ஒரு நாளில், விமானத்தைப் பார்ப்பதற்காக மட்டும் அவர்களைக் கூட்டிப்போக வேண்டும். வழியனுப்புகிற நாளோடு இதைச் சேர்க்காதீர்கள். அன்றைக்குப் பிள்ளையின் மனசு வேறெங்கோ இருக்கும்.

நாலு வயசு முதல் பத்து வயசு வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்தே இதை எழுதுகிறோம். நாலு வயசுக்கு நிறமும் சத்தமும் போதும், அரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. ஐந்து முதல் ஏழு வரை சக்கரம், காற்று, இறக்கை. எட்டுக்கு மேல் எண்களையும் திசையையும் கொடுக்கலாம். எந்த வயசானாலும் ஒரு பயணத்தில் ஒரே ஒரு விஷயம்தான் மனதில் தங்கும். முதல் பயணத்துக்கு அது காற்றாக இருக்கட்டும். விமானம் எந்தப் பக்கம் இறங்குகிறது, எந்தப் பக்கம் ஏறுகிறது என்பதைக் காற்றுதான் முடிவு செய்கிறது. அது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

எங்கே நிற்பது

டிக்கெட் இல்லாமல் விமான நிலையக் கட்டடத்துக்குள் போக முடியாது. வாசலிலேயே மத்திய தொழிற் பாதுகாப்புப் படையினர் டிக்கெட்டும் அடையாள அட்டையும் பார்ப்பார்கள். போக முடியவில்லையே என்று வருந்தவும் வேண்டாம். உள்ளே பிள்ளை பார்ப்பது வரிசையும் கடையும்தான். விமானம் பார்க்க வெளியேதான் நல்ல இடம்.

திருவனந்தபுரத்தின் ரன்வே (விமான ஓடுபாதை) ஒன்றே ஒன்று. நீளம் 3,400 மீட்டர். கடற்கரைக்கு ஏறக்குறைய இணையாக, தென்கிழக்கிலிருந்து வடமேற்காகக் கிடக்கிறது. உள்நாட்டு முனையம் கடல் பக்கம், சங்குமுகத்தை ஒட்டி. பன்னாட்டு முனையம் ரன்வேக்கு மறுபக்கம், சாக்கையில். ஆட்டோக்காரரிடம் வெறுமனே 'ஏர்போர்ட்' என்றால் எந்தப் பக்கம் என்று கேட்பார். சங்குமுகம் கடற்கரை என்றே சொல்லிவிடுங்கள். மத்திய ரயில் நிலையத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் அளவுதான்.

கடலிலிருந்து மேற்குக் காற்றும் வடமேற்குக் காற்றும் வீசும் பொழுதில் விமானங்கள் தென்கிழக்கிலிருந்து வந்து இறங்கும், வடமேற்கு நோக்கி ஏறிப்போகும். பிற்பகலில் பெரும்பாலும் இப்படித்தான். எனவே சங்குமுகத்தில் நின்றால் ஏறுகிற விமானத்தை நன்றாகப் பார்க்கலாம். ரன்வேயையே நேராகப் பார்க்க முடியும் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள், கட்டடங்கள் மறைக்கும். முதலில் இரைச்சல் கேட்கும், பிறகு கூரைகளுக்கு மேல் மூக்கை உயர்த்திக்கொண்டு விமானம் வரும். மாலை வெயில் கடல் பக்கமிருந்து, உங்கள் முதுகுப் பக்கமாக வருவதால் நிறங்கள் பளிச்சென்று தெரியும். காலையில் போனால் சூரியன் எதிரே நின்று எல்லாவற்றையும் கறுப்பு நிழலாக்கிவிடும்.

இறங்குகிற விமானத்தைத் தலைக்கு மேலே பார்க்க வேண்டுமானால் திருவல்லம் பக்கம். பலி தர்ப்பணத்துக்கு நம் ஊர்க்காரர்கள் போகிற பரசுராமர் கோவில் உள்ள அதே திருவல்லம்தான். ரன்வேயின் தென்கிழக்கு முனையிலிருந்து நாலு கிலோமீட்டர் தூரம். விமானம் மூன்று பாகைச் சரிவில் இறங்குகிறது. அதாவது தரை தொடும் இடத்திலிருந்து ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 52 மீட்டர் உயரம். எட்டு வயசுப் பிள்ளையைப் பெருக்கச் சொல்லுங்கள்: நாலு கிலோமீட்டருக்கு 208. அந்த உயரத்தில் சக்கரங்களை எண்ணிவிடலாம். பைபாஸ் சாலையோரத்தில் மட்டும் வண்டியை நிறுத்த வேண்டாம். உள்சாலைக்குள் போய், வண்டி வராத திறந்த இடமாகப் பார்த்து நில்லுங்கள்.

ஒரு விஷயம் நம் மாவட்டத்தின் மேற்குக் கடலோரத்துக்காரர்களுக்கு மட்டும். ரன்வேயின் கோட்டை வரைபடத்தில் தென்கிழக்காக நீட்டினால் அது பூவார் வழியாக வந்து நீரோடி, கொல்லங்கோடு பக்கத்தைத் தொடும். இறங்க வரும் விமானங்கள் ரன்வேக்கு நேராக வரிசை பிடிப்பது இந்தக் கோட்டில்தான். அந்தப் பக்கத்து வீடுகளில் மொட்டை மாடியே முதல் வகுப்பறை. பயணத்துக்கு முந்தின வாரமே மாடியில் பார்த்துப் பழகினால், சங்குமுகத்தில் பிள்ளை புதிதாக மிரளாது.

தோவாளை, ஆரல்வாய்மொழி, அஞ்சுகிராமம் பக்கத்தவர்களுக்குத் தூத்துக்குடி வாகைக்குளம் இன்னொரு வழி. நீண்ட காலம் 1,350 மீட்டர் ரன்வேயோடு, இறக்கையில் விசிறி வைத்த ஏடிஆர் போன்ற சிறு விமானங்கள் மட்டுமே வந்த இடம் அது. இப்போது ரன்வே 3,115 மீட்டர். புதிய முனையம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. விமானங்கள் குறைவு, சாலைப் பயணம் நூறு கிலோமீட்டருக்கு மேல். முதல் தடவைக்குத் திருவனந்தபுரமே மேல்.

வீட்டிலேயே தொடங்க வேண்டியது

போவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு தாள் விமானம் செய்யுங்கள். ஏ4 தாளை நீளவாக்கில் பாதியாக மடித்து விரியுங்கள். மேல் மூலைகள் இரண்டையும் நடுக்கோட்டுக்கு மடியுங்கள். சரிந்த விளிம்புகளை மறுபடியும் நடுக்கோட்டுக்கு மடியுங்கள். பாதியாக மூடி, அடியில் இரண்டு சென்டிமீட்டர் உடல் விட்டு இறக்கைகளை இருபுறமும் மடியுங்கள். பலமாக எறியக் கூடாது. தோள் உயரத்தில் பிடித்து மெதுவாகத் தள்ளிவிட வேண்டும்.

முதல் எறிதலில் சரியாகப் போகாது, போகாததுதான் நமக்கு வேண்டியது. மூக்கு குத்தி விழுந்தால் இரண்டு இறக்கைகளின் பின் விளிம்பையும் மூன்று மில்லிமீட்டர் மேல்நோக்கி வளையுங்கள். ஏறி, நின்று, பொத்தென்று விழுந்தால் வளைவைக் குறையுங்கள், அல்லது மூக்கில் ஒரு ஜெம் கிளிப் மாட்டுங்கள். ஒரே பக்கமாகத் திரும்பினால் இறக்கைகள் சமமாக மடியவில்லை. முன்னாலிருந்து பார்த்து இரண்டையும் ஒரே அளவில் சற்று மேல்நோக்கித் தூக்குங்கள். எல்லாம் சரியான பிறகு ஒரு இறக்கையின் பின் விளிம்பை மேலாகவும் மற்றதைக் கீழாகவும் வளைத்து எறியச் சொல்லுங்கள். விமானம் உருளும். பெரிய விமானத்திலும் இதே வேலைதான் நடக்கிறது: வாலில் உள்ள கீல் பலகை மூக்கை ஏற்றி இறக்கும், இறக்கை நுனியில் உள்ள கீல் பலகைகள் உடலைச் சாய்க்கும். தாளில் தன் விரலால் வளைத்த பிள்ளைக்கு அந்தப் பலகைகள் வானத்தில் அசைவது தனியாகத் தெரியும்.

அடுத்து மேசை விசிறி. நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு, ஒரு முழம் தள்ளி நின்று, பழைய நாள்காட்டி அட்டையைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். அட்டை படுக்கையாக இருந்தால் ஒன்றும் தெரியாது. காற்று வரும் பக்கத்து விளிம்பைக் கொஞ்சம் உயர்த்தினால் கை தானாக மேலே போகும். நிமிர்த்திக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் தூக்குவது குறைந்து அட்டை நடுங்கிப் பின்னால் தள்ளும். விமானம் மூக்கை அளவுக்கு மீறித் தூக்கினால் நடப்பதும் அதுவே. இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது, அதனால் காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. ஐந்து வயசுக்கு இந்த ஒரு வாக்கியம் போதும். இறக்கையின் மேற்புறம் வளைந்திருப்பதால் மேலே போகும் காற்று அதிக தூரம் ஓடி, கீழ்க்காற்றோடு ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டியிருக்கிறது, அதனால் தூக்கு விசை வருகிறது என்று பலர் சொல்லிக்கொடுப்பார்கள். அது தவறு. இரண்டும் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. உண்மையில் மேற்காற்று முந்திப் போய்விடும். பின்னால் மாற்ற வேண்டிய பாடத்தைச் சின்ன வயசில் ஏற்ற வேண்டாம்.

காற்றுத் திசைக்கு நம்மிடம் பெரிய வசதி முப்பந்தல். ஆரல்வாய்மொழி கணவாய் வழியாகப் போகும்போது காற்றாலைகள் முகத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்பி நிற்பதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். விமானமும் ஏறவும் இறங்கவும் முகத்தைக் காற்றுக்கு நேராக வைக்கும். எதிர்க்காற்று இருந்தால் தரையில் ஓட வேண்டிய வேகம் குறையும். மணிக்கு 250 கிலோமீட்டர் காற்றோட்டம் இறக்கைக்கு வேண்டும், எதிரே 20 கிலோமீட்டரில் காற்று வருகிறது என்றால் சக்கரம் 230 ஓடினால் போதும். பெரிய பிள்ளைக்கு இது நல்ல கழித்தல் கணக்கு.

நாளும் நேரமும்

முந்தின இரவு விமான நிலையத்தின் இணையதளத்தில் வருகை, புறப்பாடு பட்டியலைப் பாருங்கள். வளைகுடா விமானங்கள் பல இரவிலும் விடியற்காலையிலும் வந்து போகின்றன. மாலையில் உள்நாட்டு விமானங்கள் அதிகம். இரண்டரை மணி நேரத்துக்குள் நாலைந்து விமானங்கள் நெருங்கி வரும் இடைவெளியைத் தேர்ந்தெடுங்கள். பட்டியல் பார்க்காமல் போனால் அரை மணி நேரம் ஒன்றுமே வராமல் இருக்கக்கூடும். அதற்குள் பிள்ளை ஐஸ்கிரீம் வண்டியோடு போய்விடும். பிளைட்ரேடார்24 செயலி இருந்தால் அடுத்து வருவது எங்கிருந்து வருகிறது என்று காட்டலாம். ஆனால் கைபேசி உங்கள் கையிலேயே இருக்கட்டும். பிள்ளையிடம் கொடுத்தால் அது திரையில் நகரும் மஞ்சள் விமானத்தைப் பார்க்கும், தலைக்கு மேலே போவதை விட்டுவிடும்.

பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி கோவில் ஆறாட்டு நாளில் போகாதீர்கள். அன்று ஊர்வலம் ரன்வேயைக் கடந்தே சங்குமுகம் கடலுக்கு வரும். அதற்காக மாலையில் பல மணி நேரம் விமானங்களே இயங்காது. விமானிகளுக்கு முன்கூட்டியே அறிவிப்பு போய்விடும். உலகத்தில் இப்படி ஒரு ரன்வே அபூர்வம், பெரிய பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டிய செய்தி. கூடவே இதையும் சொல்லுங்கள்: 1932இல் இந்த விமானத் திடல் தொடங்கியபோது நாகர்கோவிலும் தக்கலையும் திருவிதாங்கூரில்தான் இருந்தன. 1935இல் டாடாவின் தபால் விமானம் இங்கே வந்தது. நம் ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1இல். ஆகவே அது நம் பழைய நாட்டின் விமான நிலையமும்கூட.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் சங்குமுகத்தில் கடல் ஏறும். மணலே இல்லாமல் சாலை வரை அரித்த வருஷங்கள் உண்டு. டிசம்பர் முதல் மார்ச் வரை நல்லது. அப்போதும் தண்ணீரில் இறக்க வேண்டாம், அலை இழுக்கும்.

நாகர்கோவில் ஜங்ஷனிலிருந்து திருவனந்தபுரம் சென்ட்ரல் சுமார் 70 கிலோமீட்டர். ரயில்தான் பிள்ளைகளுக்குச் சுகம். இரணியல், குழித்துறையிலும் பல வண்டிகள் நிற்கும். நாகர்கோவில் வடசேரியிலிருந்து திருவனந்தபுரம் தம்பானூருக்குப் பேருந்து உண்டு, ஆனால் மார்த்தாண்டத்திலும் களியக்காவிளையிலும் நெரிசலில் மாட்டினால் போய்ச் சேரும்போதே பிள்ளை களைத்துவிடும். மதியம் வீட்டில் சாப்பிட்டு, வண்டியில் தூங்கவிட்டு, நாலு மணிக்குக் கடற்கரையில் இருப்பது சரியாக வரும்.

பையில் என்ன வேண்டும்? தொப்பி, ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீர், விரித்து உட்காரப் பழைய வேட்டி, கோடு போடாத நோட்டு, நாலு நிறப் பென்சில், ஒரு முழ நீளத்தில் மெல்லிய துணி நாடா. தொலைநோக்கி இருந்தால் எட்டு மடங்கு பெரிதாக்குவது போதும். பன்னிரண்டு மடங்கு என்றால் பிள்ளையின் கை நடுக்கமும் பன்னிரண்டு மடங்காகிவிடும், ஓடும் விமானம் பிடிபடாது. ஆறு வயசுக்குக் கீழ் தொலைநோக்கியே வேண்டாம். எந்தப் பிள்ளையும் அதைக் கடல் பக்கச் சூரியனை நோக்கித் திருப்பாமல் நீங்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும், கண் போய்விடும்.

தின்பதற்கு மட்டிப்பழம் நல்லது, கையில் ஒட்டாது. தோலும் முறுக்குத் தூளும் ஒன்றுவிடாமல் பைக்குள் வர வேண்டும். இது வெறும் சுத்தம் சம்பந்தப்பட்டதல்ல. சிந்திய தீனிக்குக் காகமும் பருந்தும் கூடும், அவை எழும்பினால் விமானத்தின் இயந்திரத்துக்குள் போகும் ஆபத்து உண்டு. விமான நிலையத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் குப்பை கொட்டுவதை விமானச் சட்ட விதிகளே தடுக்கின்றன. பிள்ளையிடம் காரணத்தைச் சொன்னால் அடுத்தவர் போட்டதையும் பொறுக்கிவரும். பட்டம், பலூன், லேசர் விளக்கு, ட்ரோன் எதையும் கொண்டுபோகாதீர்கள்.

கடற்கரையில்

போனதும் வானத்தைப் பார்க்கச் சொல்லாதீர்கள். முதலில் துணி நாடாவைக் கொடுங்கள். "மக்ளே, காத்து எங்கேருந்து வருகு?" என்று கேளுங்கள். நாடாவின் வால் எந்தப் பக்கம் பறக்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வருகிறது. "அப்போ பிளேன் எந்தப் பக்கமா ஏறும்?" பிள்ளை கையை நீட்டிக் காட்டட்டும். சரியா தவறா என்று நீங்கள் சொல்ல வேண்டாம், அடுத்த விமானம் சொல்லும். தன் கணிப்புப் பலித்ததைப் பார்த்த பிள்ளை அதை மறக்காது. தவறாகப் போனாலும் கவலையில்லை. காற்று மிக லேசாக இருந்தால் வசதிக்கேற்ப எந்தப் பக்கமும் பயன்படுத்துவார்கள் என்று சொல்லலாம்.

பெரிய பிள்ளைக்குக் கைபேசியில் திசைகாட்டியைத் திறந்து கொடுங்கள். ரன்வேயின் ஒரு முனையில் 14 என்றும் மறுமுனையில் 32 என்றும் எழுதியிருக்கும். 32 என்றால் திசைகாட்டியில் 320 பாகை. கடைசிச் சுழியத்தை விட்டுவிடுவார்கள். ஏறிப்போகும் விமானத்தின் பின்னால் திசைகாட்டியைப் பிடித்தால் 320க்குப் பக்கத்தில் காட்டும். மறுமுனை 140. இரண்டுக்கும் வித்தியாசம் 180, அதாவது நேர் எதிர்.

விமானம் வராத இடைவெளியில் மணலில் அளவு போடுங்கள். பெரியவர் வைக்கும் ஒரு எட்டு, அதாவது ஒரு காலடி, சுமார் 70 சென்டிமீட்டர். ஏடிஆர் 72இன் இறக்கை நுனிக்கு நுனி 27 மீட்டர்: 39 எட்டு. இண்டிகோவின் ஏ320, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் போயிங் 737 இரண்டும் கிட்டத்தட்ட 36 மீட்டர்: 51 எட்டு. எமிரேட்ஸின் போயிங் 777-300இஆர் 65 மீட்டர்: 93 எட்டு. இரண்டு முனையிலும் ஆளுக்கு ஒருவராகப் பேரப்பிள்ளைகளை நிறுத்திவிட்டு நீங்கள் நடுவில் நில்லுங்கள். வானத்தில் சின்னதாகத் தெரிவது எவ்வளவு பெரியது என்று வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. மணல் இல்லாத காலத்தில் இதை ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்திலேயே முன்கூட்டிச் செய்துவிடலாம்.

எந்த விமானம் என்று கண்டுபிடிக்கச் சிறியவர்களுக்கு வால் நிறம். கருநீல வால் இண்டிகோ. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் புதிய விமானங்களின் வாலில் பாந்தனி போன்ற நம் நாட்டுத் துணி வேலைப்பாடுகள், ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. சிவப்பு, பச்சை, வெள்ளை, கறுப்பில் கொடி வரைந்த வால் எமிரேட்ஸ். பெரிய பிள்ளைகளுக்கு இன்னும் நுட்பமாகக் கொடுக்கலாம். 737இன் வால் அடியில் முதுகோடு சேருமிடத்தில் ஒரு சின்ன முக்கோணச் சரிவு உண்டு, ஏ320க்கு இல்லை. 737க்குப் பின்சக்கரங்களை முழுதாக மூடும் கதவு கிடையாது. ஏறிய பிறகும் வயிற்றில் இரண்டு கறுப்பு வட்டங்கள் தெரியும். சக்கரம் எண்ணுவது எல்லோருக்கும் பிடித்த வேலை: ஏடிஆர், ஏ320, 737 மூன்றுக்கும் ஆறு, 777க்கு பதினாலு.

ஏறுகிற விமானத்தில் ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்: சக்கரம் எப்போது உள்ளே போகிறது. தரையை விட்டுச் சில நொடிகளில் மடங்கிவிடும், தொங்கினால் காற்றை இழுக்கும். இறங்குவதற்கு, திருவல்லத்தில் நின்றால், வரிசை இது: முதலில் தொலைவில் வெள்ளை விளக்கு, பிறகு தொங்கும் சக்கரம், பிறகு இறக்கையின் பின்னால் நீண்டு சாய்ந்த தகடுகள். அந்தத் தகடுகள் மெதுவாகப் பறக்கும்போதும் போதிய தூக்கு விசை கிடைக்கச் செய்பவை. சக்கரம் தரை தொடும்போது எழும் புகையை நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைக்காவிட்டாலும் காரணம் சொல்லலாம்: சுழலாமல் இருந்த டயர் ஒரே கணத்தில் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்துக்கு இழுபடுகிறது, ரப்பர் தேய்ந்து புகைகிறது.

இரைச்சல் நெருங்கும்போது சிறு பிள்ளை காதைப் பொத்தினால் பொத்தட்டும். 'பயப்படாதே' என்பதைவிட "இப்போ சத்தம் வரும், மூணு எண்ணு" என்று முன்கூட்டிச் சொல்வது பலிக்கும். பஞ்சு வைப்பதால் பெரிய பயன் இல்லை. உள்ளங்கை நன்றாக அடைக்கும்.

சூரியன் இறங்கியபின் இருபது நிமிடம் இருக்க முடிந்தால் விளக்குகளைப் பார்க்கலாம். விமானிக்கு இடது இறக்கை நுனியில் சிவப்பு, வலது நுனியில் பச்சை. நம்மை நோக்கி வரும் விமானத்தில் பச்சை நமக்கு இடப்பக்கம் தெரியும், நேராக விலகிப்போனால் சிவப்பும் பச்சையும் மறைந்து பின்பக்க வெள்ளை விளக்குதான் தெரியும். ஆகவே இருட்டிலும் ஒரு விமானம் வருகிறதா போகிறதா என்று சொல்லிவிடலாம்.

படம் எடுப்பதில் கவனம் தேவை. வானத்தில் பறக்கும் விமானத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வேலி, வாசல், காவலர்கள், விமானப்படைப் பகுதி எதையும் எடுக்க வேண்டாம். தெற்கு விமானக் கட்டளைத் தலைமையகம் உள்ள நகரம் இது. யாராவது கேட்டால் பேரப்பிள்ளைக்கு விமானம் காட்ட வந்தோம் என்று நேராகச் சொல்லுங்கள்; போகச் சொன்னால் வாதாடாமல் நகர்ந்துவிடுங்கள்.

பிள்ளைகள் கேட்பவை

"பாட்டா, அதுக்கு பெட்ரோல் எங்கே ஊத்துவாங்க?" பெரும்பகுதி இறக்கைக்குள். பெட்ரோல் அல்ல, ஜெட் ஏ-1 என்ற எரிபொருள். நம் மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய உறவு.

"டயர் வெடிக்காதா?" காற்றுக்குப் பதில் நைட்ரஜன் அடைக்கிறார்கள். கார் டயரில் 32 பிஎஸ்ஐ அழுத்தம் என்றால் ஏ320 டயரில் 200 அளவு.

"வானத்துல வெள்ளைக் கோடு ஏன் வருகு?" பத்துப் பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் குளிர் கடுமை. இயந்திரப் புகையில் உள்ள நீராவி உறைந்து பனித்துகளாகிறது. கீழே அந்தக் குளிர் இல்லை, அதனால்தான் தாழப் பறக்கும் விமானத்துக்குப் பின்னால் கோடு வருவதில்லை.

"நடுவானத்துல ரிப்பேர் ஆனா?" இதற்குத் திருவனந்தபுரமே ஒரு பதில் வைத்திருக்கிறது. 2025 ஜூன் 14 அன்று பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலைச் சேர்ந்த ஒரு எஃப்-35பி போர் விமானம் இங்கே அவசரமாக இறங்கியது. பழுது தெரிந்ததும் அது பறக்கவில்லை. அந்நாட்டுப் பொறியாளர்கள் வந்து கொட்டகைக்குள் வைத்துச் சரிசெய்து, ஜூலை 22 அன்றுதான் கிளம்பியது. அவ்வளவு விலையுள்ள விமானமாக இருந்தாலும் பொறியாளர் சரி என்று சொல்லாமல் விமானி ஏற மாட்டார். பயந்த பிள்ளைக்கு இந்தச் செய்தி நல்ல தைரியம் தரும். விபத்துச் செய்தியைப் பார்த்துவிட்டுக் கேட்கிற பிள்ளையிடம் விபத்தே நடக்காது என்று சொல்லாதீர்கள். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்து விமானத்தையும் விதியையும் திருத்துகிறார்கள் என்று சொல்லுங்கள். அது உண்மை.

பதில் தெரியாத கேள்வி வந்தால் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கற்பனையாக ஒன்றைச் சொல்லிவைத்தால் அதையும் பிள்ளை நம்பிவிடும்.

எங்கே சறுக்கும்

கூடப்போகும் பெரியவர்கள் குறைவாக இருப்பதுதான் பெரிய சறுக்கல். பிள்ளையின் கண் வானத்தில், கால் சாலையில். இரண்டு பிள்ளைக்கு ஒரு பெரியவர், சாலை கடக்கும்போது ஒரு பிள்ளைக்கு ஒரு கை. மூட்டு வலி உள்ளவர்கள் மணலில் அதிகம் நடக்காமல் நடைபாதைத் திண்டிலேயே உட்காருங்கள், விமானம் அங்கிருந்தும் தெரியும். ஞாயிறு மாலையில் கூட்டம் மிக அதிகம்; சனிக்கிழமையோ பள்ளி விடுமுறையில் வரும் வார நாளோ பாருங்கள். கழிப்பறை வேலையை ரயில் நிலையத்திலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னொன்று, ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்ட ஆசைப்படுவது. ஆக்குளம் சுற்றுலாக் கிராமத்தில் விமானப்படை அருங்காட்சியகம் இருக்கிறது. தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் கிளம்பிய இடத்தில், பழைய மேரி மகதலேனா தேவாலயத்திலேயே விண்வெளி அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டும் அருமையானவை, இரண்டும் தனித்தனி நாளுக்கு உரியவை. சங்குமுகத்தோடு சேர்த்தால் ஐந்து மணிக்குப் பிள்ளை அழும், ஆறு மணிக்கு நீங்கள் சோர்வீர்கள்.

திரும்பும் ரயிலில் ஒரே ஒரு விமானத்தை வரையச் சொல்லுங்கள்: வால் நிறம், சக்கர எண்ணிக்கை, ஏறிய திசை, காற்று வந்த திசை. படத்தைத் திருத்த வேண்டாம். இரண்டாவது பயணத்தை இரண்டு மூன்று மாதம் கழித்து வையுங்கள், அப்போது சங்குமுகத்தை விட்டுத் திருவல்லம் போங்கள். ஏறுவதைப் பார்த்த பிள்ளை இறங்குவதைப் பார்க்கட்டும். கிளம்பும் முன்பே நாகர்கோவில் பக்கம் திரும்பும் மாலை ரயில்களின் நேரத்தைக் குறித்துக்கொண்டு, கடைசிக்கு முந்தின வண்டியைப் பிடிக்கும்படி கடற்கரையிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகவே எழுந்துவிடுங்கள். தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தம்பானூரில் இரவுப் பேருந்துக்கு அலைவது பெரியவர் உடம்புக்கு ஆகாது.